மொய்க்கு ஒலிபெருக்கி, சம்பளத்திற்குத் திரையா?

நம் மக்களிடம் ஒரு வேடிக்கையான குணம் இருந்து வருகின்றது. கையைவிட்டுப் போகிற பணத்தை ஒலிபெருக்கி வைத்து ஊரறியச் சொல்லுகிறார்கள். கைக்கு வருகிற பணத்தை மாத்திரம் கட்டின மனைவிக்குக்கூடச் சொல்லாமல் மறைக்கிறார்கள். இந்த இரண்டையும் செய்கிறவன் ஒரே மனிதன் என்பதுதான் அதிசயம்.

முதலாவதைப் பார்க்க வேண்டுமானால் ஒரு முகூர்த்த நாளில் உசிலம்பட்டி, செக்கானூரணி, திருமங்கலம், மேலூர், வாடிப்பட்டி என்று மதுரையைச் சுற்றி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். காதுகுத்து என்றோ, பெண் சடங்கான விசேஷம் என்றோ, புதுவீடு புகுதல் என்றோ ஒரு பந்தல் போட்டிருக்கும். வாசலில் ஒரு மேஜை; அதன்மேல் மொய் நோட்டு; நோட்டுக்குப் பக்கத்தில் பணப்பெட்டி; பெட்டிக்குப் பக்கத்தில் மைக். சில இடங்களில் நோட்டுக்குப் பதிலாகக் கணினியை வைத்து அச்சடித்த ரசீதே கொடுக்கிறார்கள். "இன்ன ஊர், இன்னார் மகன் இன்னார், மொய் ரூபாய் ஐயாயிரம்" என்று குழாய் முழங்கும்போது, பந்தியில் உட்கார்ந்திருக்கிற பங்காளியின் கை இலையில் இருந்தாலும் காது குழாயில்தான் இருக்கும். "அவனே ஐயாயிரம் என்றால் நான் ஏழாயிரமாவது வைக்காவிட்டால் ஊரில் தலைகாட்ட முடியுமா?" என்று அவன் மனம் அப்பொழுதே கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

இரண்டாவதைப் பார்க்க வேண்டுமானால், அதே மனிதனை மறுநாள் மதுரை டவுனில் அவன் வேலை பார்க்கிற ஜவுளிக்கடையிலோ, நகைக்கடையிலோ, ஓட்டலிலோ, பட்டறையிலோ போய்ப் பாருங்கள். பத்து வருஷமாய்ப் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே வேலையைச் செய்கிற இருவரில், ஒருவனுக்கு மற்றவன் சம்பளம் என்னவென்று தெரியாது. கேட்டால், "அதையெல்லாம் கேட்கலாமா அண்ணே?" என்று நெளிவான். படித்த வாலிபர்களுடைய சங்கதியோ இதைவிட மோசம். சம்பளத்தைச் சக ஊழியரிடம் சொல்லக்கூடாது என்று வேலை உத்தரவிலேயே ஒரு ஷரத்தைப் போட்டு, அதில் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுகிற கம்பெனிகள் இருக்கின்றன. பட்டம் பெற்றவனும் அதைப் பெரிய நாகரிகம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறான்.

இதற்கு ஒத்தாசையாக நம்மவர்கள் ஒரு பழமொழியும் வைத்திருக்கிறார்கள். பெண்ணிடம் வயதைக் கேட்கக்கூடாதாம். ஆணிடம் சம்பளத்தைக் கேட்கக்கூடாதாம். இந்தப் பழமொழியை யார் செய்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பெண்ணுக்கு வயது ஒன்றுதான் உண்டு, சம்பளம் என்பதே கிடையாது என்று நினைத்த ஒருவன் செய்திருக்க வேண்டும். அல்லது சம்பளம் வாங்குகிறவன் செய்யாமல், சம்பளம் கொடுக்கிறவன் செய்திருக்க வேண்டும். ஏனென்றால், சம்பளத்தை மறைப்பதால் வாங்குகிறவனுக்குக் கடுகளவாவது லாபம் உண்டா? இரண்டு பேர் சம்பளமும் முதலாளிக்குத் தெரியும். தெரியாதது அந்த இரண்டு பேருக்கு மாத்திரம்தான். சந்தையில் விற்கிறவனுக்கு மாத்திரம் விலை தெரிந்து, வாங்குகிறவர்கள் ஒருவருக்கொருவர் விலையைப் பேசக்கூடாது என்று ஒரு சட்டம் இருந்தால் அதை நாம் பித்தலாட்டம் என்போமா, மரியாதை என்போமா? உழைப்பை விற்கிற சந்தையில் மாத்திரம் இதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

நிற்க. ஒருவன் தன்னை மற்றவனோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே தப்பு, அது பொறாமை, பேராசை, திருப்தியே பெரிய செல்வம் என்று உபதேசம் செய்கிறவர்கள் உண்டு. நாம் அப்படிச் சொல்ல வரவில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பது பகுத்தறிவின் முதல் வேலை. குட்டை எது, நெட்டை எது என்பதுகூட ஒப்பிட்டால் ஒழியத் தெரியாது. எதை எதோடு ஒப்பிடுவது என்பதில்தான் நம் ஜனங்கள் தலைகீழாய் நடக்கிறார்கள். செலவையும் பகட்டையும் ஒப்பிட்டுக் கடன்காரர்களாகிறார்கள். கூலியையும் உரிமையையும் ஒப்பிடாமல் ஏமாளிகளாகிறார்கள். நாம் சொல்லவந்த விஷயம் இவ்வளவுதான்.

முதலில் மொய்யைப் பற்றிப் பார்ப்போம். மொய் என்கிற வழக்கத்தில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். பாங்கு என்பது எட்டாத காலத்தில், ஈடு வைக்க ஒரு செம்புகூட இல்லாத ஏழைக்கு உற்றார் உறவினர் நூறு பேர் கூடி, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, வட்டியில்லாமல் ஒரு தொகையைக் கையில் கொடுத்து, அவன் தலைதூக்கின பிறகு அவரவர் வீட்டு விசேஷத்தில் திரும்ப வாங்கிக்கொள்ளுவது என்பது யோக்கியமான ஏற்பாடுதான். ஆனால், அதில் மைக் புகுந்தவுடன் அது கடனுதவி என்பது போய் அந்தஸ்துப் பந்தயமாகிவிட்டது. வாங்கினதைப் போலவே திருப்பினால் கேவலம். கூடப் போட்டுத் திருப்ப வேண்டும். தாய்மாமன் சீர் என்றால் தட்டுகள் எத்தனை, கிடாய்கள் எத்தனை, சீர் ஏற்றிவந்த வண்டிகள் எத்தனை, கொட்டு எத்தனை ஜோடி, வழியெல்லாம் கட்டின பிளெக்ஸ் போர்டு எத்தனை அடி என்று போன வருஷத்து மாமனோடு இந்த வருஷத்து மாமன் போட்டி போட வேண்டும். ஒரே மாதத்தில் ஐந்து விசேஷம் வந்துவிட்டால், மாதச் சம்பளக்காரன் எங்கே போவான்? வட்டிக்காரனிடம்தான் போவான்.

கந்துவட்டியைத் தடுப்பதற்கென்று தமிழ்நாட்டில் 2003-ல் ஒரு சட்டமே செய்தார்கள். சட்டம் வட்டிக்காரனைப் பிடிக்கலாம்; ஆனால், பங்காளி வைத்த ஐயாயிரத்திற்காகத் தானே வட்டிக்காரன் வீட்டைத் தேடிக்கொண்டு போகிறவனை எந்தச் சட்டம் தடுக்கும்? இந்தப் பந்தயத்தில் ஜெயித்தவன் யார் என்று கேட்டால், மொய் வைத்தவனும் அல்ல, வாங்கினவனும் அல்ல. பந்தல்காரரும், மைக்செட்டுக்காரரும், போர்டு அடித்தவரும் தங்கள் கூலியை வாங்கிக்கொண்டு போகிறார்கள். அவர்கள் உழைத்தார்கள், வாங்கினார்கள். உழைக்காமல் ஜெயித்தவன் வட்டிக்காரன் ஒருவனே.

இப்படிக் கடனில் விழுந்தவன் அடுத்தாற்போல் எங்கே போகிறான்? ஜோசியனிடம் போகிறான். "என்னோடு படித்தவன் மாடி கட்டிவிட்டான், கார் வாங்கிவிட்டான், நான் மாத்திரம் இப்படியே இருக்கிறேனே" என்று அழுகிறான். ஜோசியன் கட்டத்தைப் பார்த்து, அவனுக்குக் குரு பார்க்கிறார், உனக்குச் சனி பிடித்திருக்கிறது என்று சொல்லி, பரிகாரத்திற்கு ஒரு தொகையையும் வாங்கிக்கொள்ளுகிறான். கூடப் படித்தவனுக்கு அப்பன் வைத்துவிட்டுப்போன நன்செய் எத்தனை ஏக்கர், அவனுக்கு உத்தியோகம் வாங்கிக்கொடுத்த மாமன் யார், அவன் சம்பளம் எவ்வளவு, அந்த மாடியின்மேல் பாங்குக் கடன் எவ்வளவு என்கிற நாலு கேள்விகளில் ஒன்றையாவது ஜோசியனும் கேட்பதில்லை, ஜாதகத்தை நீட்டினவனும் கேட்பதில்லை. பூமியிலே பதில் கிடக்கிற கேள்விக்கு ஆகாயத்திலே விடை தேடுகிறவனை யார்தான் காப்பாற்ற முடியும்?

இன்னும் ஒரு ஒப்பீடு இருக்கின்றது. அது வெறும் மடமையோடு நில்லாமல் கொடுமையிலே போய் முடிகின்றது. நம் கிராமத்தான் தனக்கு மேலே இருக்கிறவனோடு தன்னை ஒப்பிடமாட்டான். அவன் பண்ணையார், அவன் முதலாளி, அது அவன் கொடுத்து வைத்தது என்று விட்டுவிடுவான். ஆனால், எந்தத் தெருக்காரனைத் தனக்குக் கீழே என்று ஜாதி சொல்லி வைத்திருக்கிறதோ, அந்தத் தெருவில் ஒருவன் சிங்கப்பூருக்கோ அரபு நாட்டிற்கோ போய் உழைத்து ஓட்டை மாற்றிக் காரை வீடு கட்டிவிட்டால் மாத்திரம் இவனுக்குத் தூக்கம் வருவதில்லை. தன் வருமானம் ஒரு காசுகூடக் குறையாதிருந்தும், தான் ஏதோ பறிகொடுத்துவிட்டதாக எண்ணுகிறான். 1995 ஆகஸ்டு 31-ம் தேதி தூத்துக்குடி ஜில்லா கொடியன்குளத்தில் போலீசார் புகுந்து வீடு வீடாகச் சாமான்களை நாசம் செய்தார்களே, அது தாழ்த்தப்பட்ட மக்கள் வெளிநாட்டு உழைப்பாலும் உத்தியோகத்தாலும் ஓரளவு தலையெடுத்த ஊர். அந்தத் தலையெடுப்பே பலர் கண்ணை உறுத்திற்று என்று அப்பொழுதே எழுதினார்கள். ஒருவன் ஏறினால் தான் இறங்கிவிட்டதாகக் கருதச் செய்கிற கணக்கு ஜாதிக் கணக்கு. அதைச் சம்பளக் கணக்கு என்று யாரும் ஏமாற வேண்டாம்.

இனி, நியாயமான ஒப்பீடு என்ன செய்தது என்பதைப் பார்ப்போம்.

1913-ல் சென்னை மாகாணத்தில் இருந்த நிரந்தர ஜில்லா முன்சீப்புகள் 128 பேரில் பார்ப்பனர் 93 பேர், பார்ப்பனரல்லாத இந்துக்கள் 25 பேர். ஜனத்தொகையில் பார்ப்பனர் நூற்றுக்கு மூன்று பேர் என்கிற அளவில்தான் இருந்தார்கள். இப்படிப்பட்ட கணக்குகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 1916 டிசம்பரில் பி. தியாகராயர் பார்ப்பனரல்லாதார் அறிக்கையை வெளியிட்டார். அன்றைக்கும் இதே உபதேசிகள், "இது பொறாமை, இது துவேஷம், உத்தியோகத்தை எண்ணிப் பார்ப்பதா?" என்றுதான் கேட்டார்கள். எண்ணிப் பார்த்ததால்தான் 1921-ல் வகுப்புவாரி உத்தரவு பிறந்தது. எண்ணாதிருந்தால் இன்று நம் பிள்ளைகளில் எத்தனை பேர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள்?

மில் தொழிலாளர் கதையும் அப்படியே. 1908 பிப்ரவரிக் கடைசியில் தூத்துக்குடி கோரல் மில்லில் வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தம், மார்ச்சு மாதத்தில் கூலி உயர்வோடும் ஞாயிறு விடுமுறையோடும் முடிந்தது. அந்த ஹார்வி கம்பெனியாருக்கு மதுரையில் இருந்த மில்லில் 1918-ல் ஜார்ஜ் ஜோசப் முதலியவர்கள் சங்கம் அமைத்தார்கள். சங்கம் என்றால் என்ன? இந்தத் தறியில் உனக்கு எவ்வளவு, அந்தத் தறியில் எனக்கு எவ்வளவு, நம் எல்லோருக்கும் சேர்த்துக் கம்பெனிக்கு எவ்வளவு என்று வாய்விட்டுப் பேசுவதுதான் சங்கத்தின் முதல் காரியம். சம்பளத்தை மறைக்கிறவர்கள் நூறு பேர் கூடினாலும் அது சங்கமாகாது, கும்பல்தான் ஆகும்.

சமீப காலத்திற்கு வருவோம். டெல்லிப் போலீசில் டிரைவராயிருந்த ஒரு காவலர், மற்ற இலாகாக்களில் அதே வண்டியை ஓட்டுகிற டிரைவருக்கு அதிகச் சம்பளமும் தனக்குக் குறைந்த சம்பளமும் இருப்பதை ஒப்பிட்டுப் பார்த்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். ரண்தீர் சிங் வழக்கு என்று பெயர் பெற்ற அதில்தான், சம வேலைக்குச் சமச் சம்பளம் என்பது அரசியல் சட்டத்தின் நோக்கம் என்று 1982-ல் தீர்ப்பாயிற்று. நிரந்தர ஊழியர் செய்கிற வேலையையே தற்காலிக ஊழியர் செய்தால், நிரந்தர ஊழியருக்குள்ள சம்பள விகிதத்தின் குறைந்தபட்சத்தையாவது அவருக்குக் கொடுக்க வேண்டும் என்று 2016-ல் அதே கோர்ட்டு சொல்லிற்று. ஒரு டிரைவர் இன்னொரு டிரைவரின் சம்பளத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டதிலிருந்து பிறந்த நியாயம் இது. கேட்பது மரியாதையல்ல என்று அவர் பேசாமலிருந்திருந்தால்?

நம் தமிழ்நாட்டு இடைநிலை ஆசிரியர்களைப் பாருங்கள். 2009 மே 31-ம் தேதிக்குள் வேலையில் சேர்ந்தவருக்கு அடிப்படைச் சம்பளம் 8,370 ரூபாய். அதற்கு மறுநாளும் அதற்குப் பின்னும் சேர்ந்தவருக்கு 5,200 ரூபாய். படிப்பும் ஒன்று, பாடமும் ஒன்று, பக்கத்துப் பக்கத்து வகுப்பு. ஆனால் 3,170 ரூபாய் வித்தியாசம். இதற்காக அவர்கள் வருஷக்கணக்காய்ப் போராட முடிந்ததற்குக் காரணம், சர்க்கார் சம்பளம் மூடிவைக்கிற சம்பளமல்ல என்பதுதான். இதே அநியாயம் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் நடந்திருந்தால், அடுத்த வகுப்பு ஆசிரியருக்கே தெரியாமல் போயிருக்கும்.

தெரியாமல் போவதால் வருகிற நஷ்டத்திற்கு அமெரிக்காவில் ஒரு உதாரணம் இருக்கின்றது. அலபாமா மாகாணத்தில் குட்இயர் டயர் கம்பெனியில் லில்லி லெட்பெட்டர் என்கிற அம்மையார் 1979 முதல் 1998 வரை வேலை பார்த்தார். கடைசிக் காலத்தில் யாரோ பெயர் போடாமல் எழுதிவைத்த ஒரு துண்டுச் சீட்டால்தான், தன்னைப் போன்ற வேலை பார்த்த ஆண்களைவிடத் தனக்குச் சம்பளம் குறைவு என்று அவருக்குத் தெரிந்தது. அவருக்கு மாதம் 3,727 டாலர். அதே வேலையிலிருந்த ஆண்களில் எல்லோருக்கும் குறைந்தவருக்கே 4,286 டாலர். அவர் வழக்காடினார். 180 நாளைக்குள் புகார் கொடுத்திருக்க வேண்டும் என்று 2007-ல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு தள்ளிவிட்டது. மறைத்துவைத்த சங்கதியைப் பற்றி 180 நாளில் ஒருவர் எப்படிப் புகார் செய்ய முடியும்? ஜனங்கள் இதைக் கேட்டார்கள். 2009-ல் அவர் பெயராலேயே சட்டம் திருத்தப்பட்டது. ஐரோப்பிய யூனியனும், சம்பளத்தை வெளியே சொல்லக்கூடாது என்கிற ஷரத்து செல்லாது என்று 2023-ல் உத்தரவு செய்துவிட்டது. நம்மூர்ப் பட்டதாரியோ அந்த ஷரத்தை இன்னும் நாகரிகம் என்கிறான்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை. நாம் மைக்கைப் பற்றிப் பேசினோமல்லவா? ராஜஸ்தானத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்கிற ஏழை விவசாயக் கூலிகளின் சங்கம் 1994 டிசம்பர் முதல் கிராமம் கிராமமாய்ப் பந்தல் போட்டு ஜனங்களைக் கூட்டிற்று. சர்க்கார் வேலைகளின் கூலிப் பட்டியலை வாங்கி, இன்னாருக்கு இத்தனை நாள், இத்தனை ரூபாய் என்று ஊரறிய வாசித்தது. "நான் அந்த வேலைக்கே போகவில்லையே!" என்று ஒருவர் எழுந்தார், "எனக்குக் கொடுத்தது அவ்வளவில்லையே!" என்று இன்னொருவர் எழுந்தார். திருட்டு அந்த இடத்திலேயே பிடிபட்டது. 2005-ல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்திற்கு அந்தப் பந்தல்கள்தான் ஒரு முக்கியமான வேர். அந்தச் சட்டப்படி ஒவ்வொரு சர்க்கார் அலுவலகமும் தன் அதிகாரிகள், ஊழியர்கள் வாங்குகிற மாதச் சம்பளத்தைத் தானாகவே வெளியிட வேண்டும். அங்கும் பந்தல், இங்கும் பந்தல். அங்கே வாசித்தது வர வேண்டிய கூலியை. இங்கே வாசிப்பது போகிற மொய்யை. எந்தப் பந்தலில் மனிதன் நிமிர்ந்தான், எந்தப் பந்தலில் குனிந்தான் என்பதை நீங்களே சொல்லுங்கள்.

இதற்கு எதிராகச் சிலர் ஒரு ஆக்ஷேபணை கொண்டுவரலாம். சம்பளம் தெரிந்தால் மனநிம்மதி கெடும், வேலையில் மனம் நில்லாது என்பார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா சர்வகலாசாலை ஊழியர்களைக் கொண்டு செய்த ஒரு ஆராய்ச்சி 2012-ல் வெளிவந்தது. தங்களைப் போன்றோரின் சம்பளத்தைப் பார்க்கும்படி தெரிவிக்கப்பட்டவர்களில், நடுத்தர அளவுக்குக் கீழே வாங்கினவர்களுக்குத் திருப்தி குறைந்தது, வேறு வேலை தேடும் எண்ணம் கூடியது என்று அதில் கண்டார்கள். மேலே வாங்கினவர்களுக்கோ சந்தோஷம் ஒன்றும் கூடிவிடவில்லை. சரி, இதிலிருந்து தெரிவது என்ன? குறைவாய் வாங்குகிறவனுக்கு வலி இருக்கின்றது என்பதுதானே! வைத்தியர் நாடி பிடித்துக் காய்ச்சல் என்று சொன்னால், நாடி பிடித்ததால்தான் காய்ச்சல் வந்தது என்று யாராவது சொல்லுவார்களா? வலி தெரியாமலிருப்பதற்காக நோயை மூடிவைப்பவன் வைத்தியனாக மாட்டான். மேலும், ஒருவருக்கு அனுபவம் அதிகம், திறமை அதிகம், அதனால் சம்பளம் அதிகம் என்றால் அதை வெளிச்சத்தில் சொல்ல முதலாளி ஏன் பயப்பட வேண்டும்? காரணம் உள்ள வித்தியாசம் வெளிச்சத்தைக் கண்டு ஓடாது.

கடைசியாகப் பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. வைகைப் பாசன வயல்களில் காலையிலிருந்து முதுகு ஒடிய நடவு நடுகிறவர்கள் பெண்கள், களை எடுக்கிறவர்கள் பெண்கள். அன்று மாலை கூலி வாங்கும்போது ஆணுக்கு ஒரு கணக்கு, பெண்ணுக்கு ஒரு கணக்கு. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று 1976-லேயே சட்டம் வந்தது. அந்தச் சட்டம் வரப்பில் இறங்கி வராததற்குக் காரணம் பண்ணையார் மாத்திரமல்ல. "அவர் ஆம்பிளை, எனக்கு இவ்வளவுதான்" என்று ஒப்பிட மறுக்கிற அந்தப் பெண்ணின் பழக்கமும், ஒப்பிட்டுக் கேட்டால் "உனக்கெதற்கு?" என்று அடக்குகிற அவள் புருஷனின் பழக்கமும் காரணம். தன் சம்பளம் எவ்வளவென்று மனைவிக்குச் சொல்லாதவன், முதலாளி தனக்குக் கணக்குக் காட்டவில்லை என்று எந்த முகத்தோடு கேட்பான்?

ஆகவே, தோழர்களே! நாம் செய்யவேண்டியது பெரிய காரியம் ஒன்றுமல்ல. உங்கள் வீட்டு விசேஷத்தில் மொய் வேண்டுமானால் வாங்குங்கள். மைக்கை மாத்திரம் நிறுத்துங்கள். தொகை நோட்டிற்குத் தெரிந்தால் போதும், ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. வாங்கினதைத் திருப்புங்கள், கூட வைக்காதீர்கள். ஜாதகத்தை மூடிவிட்டுச் சம்பளச் சீட்டைத் திறவுங்கள். அடுத்த மாதச் சம்பள நாளில் உங்களோடு வேலை பார்க்கிறவரை டீக்கடைக்கு அழைத்துக்கொண்டு போய், "எனக்கு இவ்வளவு, உனக்கு எவ்வளவு?" என்று நீங்கள் முதலில் சொல்லிவிட்டுக் கேளுங்கள். அவருக்குக் கூடுதலாயிருந்தால் அவர்மேல் கோபப்படாமல், ஏன் கூடுதல் என்று கொடுக்கிறவனைக் கேளுங்கள். குறைவாயிருந்தால், உள்ளுக்குள் சந்தோஷப்படாமல் அவருக்காக நீங்களும் சேர்ந்து கேளுங்கள். அன்று இரவு வீட்டிற்குப் போய் அதே கணக்கை உங்கள் மனைவியிடமும் சொல்லுங்கள்.

நாம் சொல்லிவிட்டோம் என்பதற்காக இதை நம்ப வேண்டாம். ஒரு கையில் உங்கள் மொய் நோட்டையும் மறு கையில் உங்கள் சம்பளச் சீட்டையும் வைத்துக்கொண்டு, இந்த இரண்டில் ஊருக்குக் காட்டவேண்டியது எது, மறைக்கவேண்டியது எது என்று உங்கள் சொந்தப் புத்தியைக் கொண்டு முடிவு செய்யுங்கள்.